அடிக்கடி கீழே விழும் பேனா

வடிவுடையம்மன் மேல் ஆணை. அவள் போதாது என்பவர்களுக்கு ராயபுரத்து அந்தோணியார் மேலும் ஆணை. அதற்கும் மசியாதவர்கள் என்னை எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி வைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

கேட்டில் நிற்பவன் பிழைப்பு என்பது, பெட்டிக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்றே தெரியாமல் அதற்காக உயிரை விடத் தயாராக நிற்பது. வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டையும், வெயில் விழும் பக்கம் மட்டும் கறுத்த முகமுமாக நிற்கும் செக்யூரிட்டி சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டவர்கள்தான்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே நான் செக்யூரிட்டி சூப்பர்வைசர். எங்கள் ஏஜென்சி பட்டாளத்திலிருந்து வந்தவர்களை மட்டும்தான் வேலைக்கு எடுக்கும். 'எக்ஸ்-மிலிட்டரி' என்று போர்டில் போட்டால் காசு கொடுக்கும் பார்ட்டிக்கு ஒரு தைரியம். நானும் எக்ஸ்-மிலிட்டரிதான். ஆனால் லாரி டிரைவர். சண்டைக்குப் போனேன், லாரி ஓட்டினேன், திரும்பி வந்தேன். டயர் வெடித்த சத்தத்தைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. ஆகவே எனக்கு ஒன்றும் கிடையாது. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குள்ள ஒரே தொந்தரவு என் பேனாதான். கேட்டு ரிஜிஸ்டரில் லாரி டிரைவர்களிடம் கையெழுத்து வாங்குவதற்காக வைத்திருப்பது. அது அடிக்கடி கீழே விழும்.

இனி வருவது முக்கால்வாசி ஞானப்பிரகாசத்தின் சமாச்சாரம். தன் மகளைக் கல்யாணத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவன் கைபிடித்து நடத்திப் போக முடியுமா, முடியாதா என்பதுதான் விஷயம். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் நடந்தது.

மேசைக்கு அடியில் இன்டர்வியூ

ஞானப்பிரகாசம் ராயபுரத்துக்காரன். பனிமலைச் சண்டையில் இருந்தவன். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தான். ஆறடி உயரம், தேக்குக் கதவு மாதிரி மார்பு. அவனை இன்டர்வியூ செய்ய மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர் பக்கத்து மனிதர், கோபத்தில்கூட 'ங்க' போடுவார். "உங்களுக்கு என்ன அனுபவம்ங்க?" என்று அவர் கேட்கவும், வெளியே கிரேன் ஒரு காலி கன்டெய்னர் பெட்டியைத் தரையில் வைக்கவும் சரியாக இருந்தது. காலிப் பெட்டி தரையில் உட்காரும் சத்தத்தைக் கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன்: நாற்பதடி நீளத் தகர டப்பாவை யாரோ பெண்டாட்டி மேல் உள்ள கோபத்தில் போட்டுடைத்த மாதிரி இருக்கும்.

கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு நாற்காலியும் காலி. ஞானம் மேசைக்கு அடியில் குப்புறக் கிடந்தான். அவன் உள்ளங்கை மேனேஜரின் தலையைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. மேனேஜரின் கண்ணாடி உடையாமல் அவன் சட்டைப் பையில் இருந்தது. எப்போது கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்து என் பேனா கீழே விழுந்திருந்ததால் நானும் அங்கேதான் இருந்தேன். அதனால்தான் இவ்வளவு சுத்தமாகச் சொல்ல முடிகிறது.

ஞானம் முகம் வெளுத்துப்போய், "சார், மன்னிச்சுக்கங்க, நான் கெளம்பறேன்" என்று எழுந்தான். அப்போதுதான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி கழன்று மேனேஜர் நாற்காலியின் மேல் விழுந்தது. நம்பாதவர்கள் வரலாம். வளைந்த இறக்கை எங்கள் ஸ்டோர் ரூமில் இன்னும் இருக்கிறது. மேனேஜர் விசிறியைப் பார்த்தார், ஞானத்தைப் பார்த்தார், மேசைக்கு அடியில் இருந்தபடியே என்னிடம் சொன்னார்: "இவரை இன்னிக்கே டூட்டியில போட்ருங்க. என்ற ரூமுக்குப் பக்கத்துலயே போட்ருங்க."

மூன்று பேர், ஒரு சுவர்

யார்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. மூன்று பக்கம் திறப்பு, ஒரே ஒரு பக்கம் சுவர். ஞானத்துக்கு முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லாவிட்டால் டீ உள்ளே இறங்காது. எங்கள் இன்னொரு செக்யூரிட்டி வரதனுக்கும் அதே வழக்கம். அவன் வேறு சண்டை, வேறு எல்லை. முதுகு மட்டும் ஒரே முதுகு. எனக்கு அதெல்லாம் கிடையாது. அந்தச் சுவரோரம் காற்று நன்றாக வரும் என்பதால் நானும் அங்கேதான் உட்காருவேன்.

ஆக மூன்று பேரும் ஒரே பெஞ்சில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். பேச்செல்லாம் எதிரே இருக்கும் காற்றோடுதான். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கடைக்கு வருகிறவர்கள் எங்களைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டுச் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொள்வார்கள். ஒருநாள் சர்டிபிகேட் கவரோடு வந்த ஒரு இளைஞன், எங்கள் முன்னால் வந்து கை கட்டி நின்று, பேரும் படிப்பும் சொல்ல ஆரம்பித்துவிட்டான். வரதனும் விடாமல் "சொந்த ஊரு எது?" என்று கேட்டான்.

இப்படி நாலு மாதம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் டீ மாஸ்டர் ஒருநாள் கிளாஸை எங்கள் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டான்: "இன்னா மாமு, மூணு பேரும் டெய்லி வந்து குந்திகினு கீறீங்க, பொண்ண எப்போ வெளிய கூப்ட்றது?"

இன்னிக்கு இன்னா மீனு

கேட்டில் ஞானம் நின்றால் ஈ உள்ளே வரவேண்டுமானாலும் அடையாளச் சொல் சொல்லவேண்டும். பட்டாளத்து வழக்கம் அது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நைனா, இது பார்டர் இல்ல. உள்ள கீறது காலிப் பெட்டி." கேட்கமாட்டான். தினம் காலையில் ஒரு மீன் பெயரை முடிவு செய்வான். வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி, நெத்திலி. டிரெய்லர் டிரைவர் மீன் பெயரைச் சொன்னால்தான் வழியை மறித்திருக்கும் கட்டை மேலே ஏறும்.

முதல் நாள் வண்டிகள் வரிசை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது. இரண்டாம் நாளே டிரைவர்கள் வாட்ஸப்பில் குரூப் ஆரம்பித்துவிட்டார்கள். பேரே 'இன்னிக்கு இன்னா மீனு'. மூன்றாவது வாரம் தூத்துக்குடியிலிருந்து பெட்டி ஏற்றிக் கிளம்புகிறவன்கூட மீனைத் தெரிந்துகொண்டுதான் வண்டியை எடுப்பான். எங்கள் யார்டில் அந்த வருஷம் ஒரு ஆணிகூடத் திருடு போகவில்லை. திருடனுக்கு மீன் தெரியாது.

சிக்கல் வந்தது ஒரு புரட்டாசி சனிக்கிழமை. கொருக்குப்பேட்டை டிரைவர் ஒருவர், நெற்றியில் பெரிய நாமம், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தார். ஞானம் துப்பாக்கி பிடிப்பதுபோல் லத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். கடைசியில் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "நைனா, இந்த மாசம் நான் மீன் பேர வாயாலகூட சொல்லமாட்டேன். கத்திரிக்கான்னு சொல்றேன், வுட்று."

தோண்டிப் போட்ட ரோடு

இது சின்னச் சமாச்சாரம். ஞானம் புதிதாய்த் தோண்டி மூடிய மண்ணை மிதிக்கமாட்டான். கீழே கிடக்கும் கோணிச் சாக்கு, பிளாஸ்டிக் கவர், தனியாகக் கிடக்கும் செருப்பு எதற்கும் பக்கத்தில் போகமாட்டான். மலையில் அவனுக்கு முன்னால் நடந்தவன் ஒருத்தன் அப்படி மிதித்தானாம். அதற்கு மேல் அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ரோடு எப்படியென்று உங்களுக்குத் தெரியும். தோண்டாத இடத்தைத் தேடித்தான் நடக்கவேண்டும். யார்டிலிருந்து பஸ் ஸ்டாப் இருநூறு அடி. ஞானத்துக்கு அரைமணி நேரம் ஆகும். குச்சியால் குத்திப் பார்த்து, கால் வைத்து, சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அடுத்த அடி.

ஐப்பசி மழையில் ரோடு முழுக்க முட்டளவு தண்ணீர். எது ரோடு, எது பள்ளம், எது மூடியில்லாத சாக்கடை என்று தெரியவில்லை. ஞானம் முன்னால் குச்சியோடு போக, அவனுக்குப் பின்னால் ஒரு ஸ்கூல் வேனின் பிள்ளைகள், இரண்டு கர்ப்பிணிகள், ஒரு சவப்பெட்டிக் கடைக்காரர், தலையில் கூடையோடு மீன் விற்கும் தேசம்மா எல்லாரும் ஒற்றை வரிசையில் அவன் வைத்த அடியிலேயே அடி வைத்துப் போனார்கள். ஒருத்தர்கூட விழவில்லை. மேட்டில் ஏறியதும் தேசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் வளைந்த காலைக் காட்டிச் சொன்னாள்: "போன வர்சமே நீ பைத்தியமா இருந்திருந்தா என் காலு ஒடிஞ்சிருக்காதுண்ணே."

கட்டிலுக்கு அடியில் தீபாவளி

ஞானத்தின் மகள் ஸ்டெல்லா. நர்ஸ் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்குச் சில நாள் மதியச் சாப்பாடு கொண்டுவருவாள். ஒருநாள் அவள் டிபன் கேரியரோடு கேட்டுக்குள் நுழைந்த நேரம் பார்த்துக் கிரேன்காரன் பெட்டியைப் போட்டான். ஞானம் தரையில். நான் பதறிப்போய், என் பேனாவும் விழுந்துவிட்டபடியால் குனிந்திருந்த வாக்கிலேயே, இந்தப் பெண் இப்போது அழப்போகிறாளே என்று பார்த்தேன். அவள் கேரியரைப் பத்திரமாக ஓரத்தில் வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் செருகினாள். அப்பாவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டாள். "கிளியராப்பா?" என்றாள். அவன் பத்து எண்ணி "கிளியர்" என்றான். இரண்டு பேரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார்கள்.

அப்புறம் அவள்தான் சொன்னாள். சின்ன வயதில் தீபாவளி வந்தால் தெருவே வெடிக்கும். அப்பா கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். இவளும் தலையணை, முறுக்கு டப்பா, பொம்மை எல்லாம் எடுத்துக்கொண்டு கூடவே போய்விடுவாள். அம்மா பிலோமினா வெளியேயிருந்து தட்டைத் தள்ளுவாள். மூன்றாம் வகுப்பில் டீச்சர் தீபாவளி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது இவள் எழுதியதைப் பார்த்து வகுப்பே சிரித்ததாம். இப்போது சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "தீபாவளின்னா எல்லார் வூட்லயும் கட்டிலுக்கு அடியில கொண்டாட்ற பண்டிகைன்னுதான் அங்கிள் நெனச்சிகினு இருந்தேன்."

அவளுக்குத்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை காசிமேட்டுப் பையன் சகாயம், விசைப்படகில் வேலை. ஈஸ்டர் கழிந்து முதல் மாதம் கல்யாணம். அதிலிருந்து ஞானத்துக்குச் சோறு இறங்கவில்லை. காசிமேட்டுக் கல்யாணம் என்றால் கோயில் வாசலில் பேண்டு, வேட்டு, சரவெடி. அவன் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்: "ஆண்டவர் முன்னாடி ஒரே ஒருவாட்டி நேரா நடக்கணும், மாமு. அம்மாம் பேர் எதிர்ல பொண்ணு கைய வுட்டுட்டு நான் தரையில கெடந்தேன்னா, அதுக்கப்புறம் எழுந்திரிக்கவே மாட்டேன்."

டாக்டரம்மா கதவைத் திறந்தார்

அவனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். துணைக்குத்தான் போனேன். பட்டாளத்திலிருந்து வந்தவர்களைப் பார்ப்பதற்கென்றே வாரத்தில் ஒருநாள் உட்காருகிற டாக்டரம்மா. ஹால் பெரியது. நடுவில் போட்டிருந்த நாற்காலி, பெஞ்செல்லாம் காலி. நாலு சுவரோரமும் முதுகை ஒட்டிக்கொண்டு முப்பது பேர் நின்றார்கள். நான் பார்த்த வரைக்கும் சென்னையிலேயே நாற்காலி காலியாக இருந்த ஒரே ஆஸ்பத்திரி அதுதான். அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ எவர்சில்வர் தட்டைக் கைதவறிப் போட்டார்கள். டாக்டரம்மா கதவைத் திறந்து "அடுத்தது யாரு?" என்றார். ஹாலில் ஒரு ஆளில்லை. அவர் பழகியவர். முட்டி போட்டு உட்கார்ந்து, பெஞ்சுக்கு அடியில் எட்டிப் பார்த்து, "டோக்கன் பதினாலு?" என்றார். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஞானம் கையைத் தூக்கினான்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தான். அழுதிருந்தான் என்று தெரிந்தது. "இன்னாடா சொன்னாங்க?" என்றேன். "சண்ட முடிஞ்சி பல வர்சம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும்தானேன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியும் மேடம், என் முட்டிக்குத்தான் யாரும் சொல்லலன்னேன். மாத்திர குட்த்திருக்காங்க. வாரா வாரம் வந்து பேசணுமாம். ஒரே நாள்ல சரியாவாதாம். இது பைத்தியம் இல்லியாம் மாமு, காயமாம். கட்டுப் போட முடியாத எடத்துல பட்டுட்சாம்."

அவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா மறுபடி வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். தட்டு விழுந்தபோது நான் பெஞ்சுக்கு அடியில் எங்கே இருந்தேன் என்று கவனித்திருப்பார் போல. "நீங்க எந்த டோக்கன்?" என்றார். "நான் டோக்கன் இல்லம்மா, துணைக்கு வந்தவன். பேனா கீழ வுயுந்துட்சி, தேடினேன்" என்றேன். ஞானம் என்னைத் திரும்பிப் பார்த்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சரி. அது கிடைக்கலன்னா ஒருநாள் வாங்க, சேர்ந்து தேடிப் பாக்கலாம்" என்றார்.

சத்தமில்லா நேர்த்தி

மாப்பிள்ளை வீட்டில் பேச என்னைத்தான் தூது அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால் ஞானத்தின் மானம் போகும். சொல்லாவிட்டால் வேட்டு போடுவார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் மரியான் படகு வைத்திருப்பவர், மீசை காதுவரை. காசிமேட்டில் வேட்டுப் போட்டதில் அவரை மிஞ்சியவர் கிடையாது என்று பேர். "பத்தாயிரம் வாலா நாலு கட்டு வாங்கி வெச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தார். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். பெண் வீட்டுப் பரம்பரையில் ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது. பெண் பீடத்தை அடையும்வரை பக்தியோடு அமைதி காக்கவேண்டும். கோயிலுக்குள் என்ன நடந்தாலும் பெண்ணும் அவள் தகப்பனும் செய்வதையே மற்றவர்களும் செய்யவேண்டும். மீறினால் வலையில் மீன் விழாது.

கடைசியாகச் சொன்னது வேலை செய்தது. மரியான் மீசையைத் தடவினார், சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவர் செய்த ஏற்பாட்டைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. பேண்டுக்காரர்கள் வரலாம், ஊதக்கூடாது. பீப்பியை வாயில் வைத்துக் கன்னத்தை மட்டும் உப்பவேண்டும். ஆட்டோக்களின் ஹாரன் ஒயரைப் பிடுங்கினார். தன் சொந்த அத்தைக்கு இருமல் என்று அவளை வரவேண்டாம் என்றுவிட்டார். கோயில்பிள்ளையிடம் பேசி மணியடிப்பதையும் நிறுத்தினார். நானும் கோயில் தெரு முழுக்க நடந்து கிரைண்டர் கடை, பஞ்சர் கடை, தகரம் அடிக்கிறவன் என்று ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்தேன். காலை பத்திலிருந்து பதினொன்று வரை அந்தத் தெருவில் ஒரு ஸ்பூன்கூடக் கீழே விழாது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மரியான் என்னைப் பார்த்து, வேண்டுமென்றே கிசுகிசுக் குரலில் சொன்னார்: "ஏழு கடல் மேல போனவன்யா நான். இந்த மாரி பேஜாரான கல்யாணத்த எங்கியும் பாத்ததில்ல."

பத்தாயிரம் வாலா

கல்யாண நாள். ஞானம் கோட்டு போட்டிருந்தான். மாத்திரை சாப்பிட்டிருந்தான். ஸ்டெல்லா வெள்ளைக் கவுனில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றாள். நான் உள்ளே முதல் தூணோரம். வாசலில் பேண்டுக்காரர்கள் சத்தமில்லாமல் கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தார்கள். முந்நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்க, ஞானம் நடக்க ஆரம்பித்தான். ஒரு அடி. இரண்டு அடி. நேராக, தலை நிமிர்ந்து, அணிவகுப்பில் போவது மாதிரி. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது அடியில்தான் எனக்கு உறைத்தது. தெருவில் உயிரோடு இருப்பவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்தேனே, செத்தவரிடம் சொன்னேனா?

எங்கள் பக்கம் சாவு எடுத்தால் எப்படி எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த தெருவில் யாரோ ஒரு பெரியவர், தொண்ணூறு தாண்டியவராம், கல்யாணச் சாவு. மேளம், பூ, ஆட்டம் எல்லாம் சரியாகக் கோயில் வாசலுக்கு வந்தது. அங்கேதான் கொளுத்தினார்கள். பத்தாயிரம் வாலா.

ஞானம் விழுந்தான். மகளின் தலைக்கு மேல் கை போட்டு அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தான். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மரியான் என்னைப் போலப் பொய் சொல்கிறவர் இல்லை, சொன்னதை நம்புகிறவர். பெண்ணும் தகப்பனும் செய்வதைச் செய்யவேண்டும் என்று நான்தானே சொல்லியிருந்தேன்? மீசையோடு தடாலென்று குப்புற விழுந்தார். விழுந்த வாக்கில் பின்னால் திரும்பி ஒரு முறைப்பு முறைத்தார். காசிமேடு மொத்தமும் படுத்தது. அதைப் பார்த்து ராயபுரம் படுத்தது. போட்டோக்காரன் படுத்துக்கொண்டே எடுத்தான். முந்நூறு பேரும் தரையில். நின்றவர் பீடத்தில் சாமியார் ஒருவர்தான். அவரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மெதுவாக முட்டி போட்டார்.

வெளியே வெடி நிற்பதாக இல்லை. ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. "அப்பா, இது பெரிய கட்டு. கிளியர் ஆவ நேரம் ஆவும். அப்டியே போலாமா?" ஞானம் மகள் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் முழங்கையை ஊன்றி, ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தராக, பீடத்தைப் பார்த்துத் தவழ ஆரம்பித்தார்கள். அவள் கையை அவன் விடவில்லை. எதிரே மாப்பிள்ளை சகாயமும் தவழ்ந்தே வந்து பாதி வழியில் சந்தித்தான். பீடத்துப் படிக்குப் போய்ச் சேரவும் கடைசி வெடி ஓயவும் சரியாக இருந்தது. ஞானம் பத்து எண்ணினான். "கிளியர்" என்றான். மூன்று பேரும் எழுந்தார்கள். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்துவிட்டு, ஞானம் நேராக நின்றான். பிலோமினா வெள்ளைக் கவுனின் முன்பக்கத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். மரியான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கள் வம்சத்தில் இத்தனை பக்தியோடு ஒரு கல்யாணம் நடந்ததே இல்லை என்றார். அந்த வருஷம் அவர் வலையில் விழுந்த மீனைத் தூக்க முடியாமல் இரண்டாவது படகு வந்ததென்பது தனிக் கதை.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். சத்தியம் செய்துவிட்டேனே, சொல்லித்தான் ஆகவேண்டும். முதல் வெடி வெடித்து ஞானம் தரையில் விழுந்தபோது, அவன் முகத்துக்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில், தரையில் இன்னொரு முகம் ஏற்கெனவே இருந்தது. கன்னம் தரையோடு ஒட்டி, இரண்டு கையும் காதைப் பொத்தி, கண்ணை இறுக்கி மூடிய முகம். அது என் முகம். நான் கண்ணைத் திறந்தபோது அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வெடிக்கும் நடுவில், டீக்கடையில் கேட்பது மாதிரி, சாவகாசமாகக் கேட்டான்: "பேனா கெடச்சுதா, மாமு?"

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பதினாலு அவன், பதினைந்து நான். கேட்டில் என் பேனாவுக்கு ஞானம் ஒரு சணல் கயிறு கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறான். கயிறு கட்டியும் அது சில நாள் விழத்தான் செய்கிறது. விழுந்தால் இப்போது இரண்டு பேராய்த் தேடுகிறோம்.

மற்றதையெல்லாம் நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், இந்தப் பேனா விஷயத்தைச் சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள், ஏனென்றால் நாள் தவறாமல் ஐம்பது டிரெய்லர் டிரைவர்கள் என்னிடம்தான் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.